பத்தொன்பது அங்குலம்

பழைய மோட்டார் சைக்கிள்களை வைத்திருப்போர் மத்தியில் தீராத வழக்கொன்று உண்டு. சில்லின் றிம்மை வேறு அளவுக்கு மாற்றலாமா, கூடாதா என்பதே அது. எஞ்சினுக்குப் புதிய பிஸ்டன் போட்டவரை யாரும் குறை சொல்வதில்லை. வயரிங் முழுவதையும் பிடுங்கிவிட்டுப் புதிதாக இழுத்தவரைக்கூட மன்னித்துவிடுவார்கள். றிம்மை மாற்றினவருக்கு மட்டும் மன்னிப்புக் கிடையாது. எட்ட நின்று பார்த்தாலே தெரிந்துவிடும் என்பது ஒரு காரணம். ஒரு வண்டியின் நிற்பே அதன் சில்லில்தான் இருக்கிறது.

1946 இல் பிரித்தானியாவில் தொடங்கப்பட்ட விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கழகத்தவர் வண்டிகளைக் காலம் பிரித்துப் பார்க்கிறவர்கள். 1915 க்கு முந்தியவை ஒரு வகை. அதிலிருந்து 1930 முடியும்வரை வந்தவை இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகைக்குள்ளேயே றிம் பற்றிய வழக்கு அதிகம் நடக்கிறது. அதற்குக் காரணம் வண்டிகளில் இல்லை, அந்தக் காலத்திலேயே இருக்கிறது. இந்தப் பதினைந்து ஆண்டுகளுக்குள் றிம் என்ற பொருளே வேறொன்றாக மாறிவிட்டது. நல்ல நிலையில் இருந்த றிம்கள் பயனற்றுப் போயின. அவற்றுக்குப் பொருந்தும் ரயரைச் செய்கிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். இரும்பு தன்பாட்டில் இருந்தது. இறப்பர்தான் அதைக் கைவிட்டது.

சற்றுப் பின்னால் போகவேண்டும். காற்றடைத்த ரயருக்கு முதலில் உரிமம் எடுத்தவர் றொபேட் வில்லியம் தொம்சன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். ஆண்டு 1845. அப்போது அது யாருக்கும் தேவைப்படவில்லை, மறந்துபோனார்கள். 1888 இல் பெல்பாஸ்ற் நகரத்து மிருக வைத்தியர் ஜோன் பொய்ட் டன்லொப் அதைத் தாமாகவே மறுபடி கண்டுபிடித்தார். டன்லொப்பின் முதல் ரயர்கள் றிம்முடன் துணி சுற்றி ஒட்டப்பட்டவை. ஓர் ஓட்டை விழுந்தால் முழுவதையும் பிரித்தெடுக்கவேண்டும். ஆகவே கழற்றக்கூடிய ரயரைச் செய்கிறவனுக்கே எதிர்காலம் என்பது எல்லோருக்கும் விளங்கியிருந்தது. 1890 ஆம் ஆண்டில் இரண்டு பேர், சில வார இடைவெளிக்குள், இரண்டு வழிகளைக் கொண்டு வந்தார்கள். சார்ள்ஸ் கிங்ஸ்ரன் வெல்ஷ் என்பவர் ரயரின் இரு ஓரங்களுக்குள்ளும் நீளாத உருக்குக் கம்பி வளையத்தை வைத்து, றிம்மின் நடுவில் ஒரு பள்ளத்தையும் விட்டார். எடின்பரோவிலிருந்த அமெரிக்கரான பாட்லெற் என்பவர் ரயரின் ஓரத்தைத் தடிப்பாக்கி, றிம்மின் விளிம்பை உட்பக்கமாகக் கொக்கிபோல் வளைத்து, ஒன்றை மற்றதற்குள் மாட்டினார்.

வெல்ஷின் கம்பி எங்களில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். றலிச் சைக்கிளுக்கு ரயர் மாற்றியவர்கள் அதைக் கையால் உணர்ந்திருப்பார்கள். ஒரு பக்கத்து ஓரத்தை நடுப் பள்ளத்துக்குள் அமுக்கிவிட்டால், எதிர்ப்பக்கத்தில் அந்த அளவுக்குத் தளர்வு கிடைக்கும். அந்தத் தளர்வில்தான் கரண்டியைக் கொடுத்து ரயரை விளிம்புக்கு மேலால் கிளப்புகிறோம். கம்பி நீளாது, நீளவும் கூடாது. ரயரை றிம்மில் வைத்திருப்பது அதுதான். 1983 ஆடிக்குப் பின் கொழும்பு வீதிகளைக் கண்டவர்களுக்கு, ரயர் எரித்த இடங்களில் கரிக்கு நடுவே எஞ்சிக் கிடந்த இரும்பு வளையங்கள் நினைவிலிருக்கும். அதுவும் வெல்ஷின் கம்பிதான். இறப்பர் எல்லாம் போன பின்பும் அது கிடக்கும்.

சைக்கிள்கள் பெரும்பாலும் கம்பி முறையைப் பிடித்துக்கொண்டன. மோட்டார் வண்டிகளோ கொக்கி விளிம்பைப் பிடித்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதையே வைத்திருந்தன. முதலாம் உலக யுத்தத்தில் பிரான்சின் சேற்றுக்குள் தபால் கொண்டு ஓடிய ட்றயம்ப், டக்ளஸ் வண்டிகள் யாவும் கொக்கி விளிம்பு றிம்களில்தான் ஓடின. இந்த முறையில் ரயரைப் பிடித்துவைத்திருப்பது உள்ளே இருக்கும் காற்று மட்டுமே. காற்றழுத்தம் ரயரின் தடித்த ஓரத்தைக் கொக்கிக்குள் தள்ளிக்கொண்டு நிற்கும். அதனால் கல்லுப்போலக் காற்றடித்து வைத்திருக்கவேண்டும். ஓடுகிறவரின் முதுகு அதற்கு விலை கொடுக்கும். காற்று இறங்கினால் ரயர் றிம்மை விட்டுக் கழன்று, செயினிலோ முன் கவரிலோ சுற்றிக்கொள்ளும். இதைத் தடுக்க, றிம்மில் ஓட்டை போட்டு ரயரின் ஓரத்தை உள்ளிருந்து இறுக்கிப் பிடிக்கும் சுரையாணிகளை வைத்தார்கள். இருந்தாலும், மணிக்கு நாற்பது மைலில் முன்ரயர் வெடித்தால் ஆளின் கதி என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1920களின் நடுப்பகுதியில் வேகமும் கூடியது, முன்சில்லுக்கும் சரியான பிறேக் வந்தது. பிறேக் பிடிக்கும்போது ரயர் றிம்முக்குள் சறுக்கப் பார்க்கும். பிரித்தானிய வண்டிகள் ஒவ்வொன்றாகப் பள்ள றிம்முக்கும் கம்பி ரயருக்கும் மாறின. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் புதிய வண்டிகளைப் பொறுத்தவரையில் கொக்கி விளிம்பின் கதை முடிந்துவிட்டது. வெல்ஷ் 1890 இல் சொன்னதை மோட்டார் சைக்கிள் உலகம் கேட்க இவ்வளவு காலம் எடுத்தது. ரயர் கொழுத்தது, அழுத்தம் குறைந்தது. கொழுத்த ரயருக்கு இடம்விட றிம் சிறுத்தது. 22, 21, 20, 19 என்று அங்குலம் அங்குலமாக இறங்கிற்று.

இங்கேதான் இன்றுவரை ஆட்களைக் குழப்பும் ஒரு விடயம் நடந்தது. பழைய முறையில் ரயருக்கு எழுதிய எண் அதன் வெளி உயரம். 26 x 3 என்றால் நிலத்திலிருந்து உச்சிவரை 26 அங்குலம், ரயரின் பருமன் 3 அங்குலம். பருமனை இரண்டுதரம் கழித்தால் றிம் ஏறக்குறைய 20. புதிய முறையில் எழுதுவது ரயர் அமரும் றிம்மின் அளவு: 3.25-19 என்றால் பருமன் மூன்றேகால், றிம் 19. இரண்டு முறைகளும் பல ஆண்டுகள் அருகருகே ஓடின. அதனால் 1930களின் கைநூல் ஒன்றில் 26 x 3.25 என்று இருந்தால், அது வேறெதுவுமல்ல, நமது 3.25-19 தான். 26 x 3.00 என்றால் 3.00-20. இதை அறியாமல் 26 அங்குல றிம் தேடி அலைகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த வண்டிகளுக்கு அப்படியொரு பள்ள றிம் கிடையாது.

நாங்கள் வேலை செய்யும் உணவகத்துக்கு வாரத்தில் ஒருநாள் சாப்பிட வரும் ஆங்கிலேய முதியவர் ஒருவரிடம் 1920களின் தொடக்கத்து வண்டியொன்று இருக்கிறது. கொக்கி விளிம்பு றிம், 26 x 3. அதற்கான ரயர்களை இப்போதும் சிறு தொகையாகச் செய்து விற்கிறார்கள். ஆனால் விலை அதிகம், தருணத்தில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், எழுபது வயதைக் கடந்தவருக்கு அந்த ரயரில் பயம். பள்ள றிம்முக்கு மாற்ற முடிவு செய்திருந்தார். சமையலறையில் நிற்கும் எங்களில் இருவருக்குச் சில்லு நெளிவெடுக்கத் தெரியும் என்று எப்படியோ கேள்விப்பட்டு, தமது கராஜுக்குக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துச் சைக்கிள் கடைகளில் நெளிவெடுக்கப் பழகிய கைக்கு மோட்டார் சைக்கிள் சில்லும் சில்லுத்தான். என்ன, ஸ்போக் தடிப்பு, திருப்பு வலிமையாய் இருக்கும். ஆக, ஞாயிற்றுக்கிழமைகள் சில அங்கே கழிந்தன.

முதல் ஞாயிறு முழுவதும் கணக்கிலேயே போயிற்று. சரியான மாற்று 20 அங்குல றிம். அதற்கு நல்ல ரயர் கிடைப்பது அரிது. ஓர் ஊமைக்காக இன்னொரு ஊமையைக் கட்டிக்கொள்வது போல. 19 றிம்மில் 3.50 ரயர் போட்டால் வெளி உயரம் கச்சிதமாக 26 வரும்: 19 உடன் மூன்றரையை இரண்டுதரம் கூட்டினால் 26. ஆனால் அந்தக் காலத்து முன் கவர் ஒடுங்கியது. மூன்றரை அங்குல ரயர் அதற்குள் சுழலாது. 21 றிம்மில் 2.50 ரயர் போட்டாலும் அதே 26 தான், மெலிந்து நிற்கும். 2.75 போட்டால் அரை அங்குலம் கூடும். 21 அங்குலச் சில்லு மண்பாதை வண்டிகளின் முன்பக்கத்தில் இன்றும் ஓடுவதால், அந்த அளவுக்கு ரயர் இல்லாமற் போகாது. முதியவர் 21 ஐத் தெரிந்தார். நெடுத்து மெலிந்த சில்லு அந்த வண்டியின் முகத்தைக் கெடுக்காது என்பது அவரது நியாயம். எமக்கும் அதுவே சரியாகப் பட்டது.

சில்லு பின்னுவதைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். இந்த வேலையை அறிந்தவர்கள் குறைந்துகொண்டு போகிறார்கள். பழைய சில்லைப் பிரிப்பதற்கு முன்பே ஓர் அளவு எடுத்து எழுதிவைக்கவேண்டும்: குடத்தின் ஓரத்திலிருந்து றிம்மின் ஓரம் எவ்வளவு விலகி நிற்கிறது என்பது. குடம் என்று நாம் சொல்வது ஹப்பை. மாட்டுவண்டிச் சில்லின் நடுவுக்கு ஊரில் சொல்லும் பெயர் இதற்கும் பொருந்துகிறது. பிறேக் ட்றம் ஒரு பக்கத்தில் இருப்பதால் றிம் குடத்தின் நடுவில் நிற்பதில்லை. ஒரு பக்கம் தள்ளி நிற்கும். இதை அளக்காமல் பிரித்தவர், பின்னி முடித்த பிறகு முன்சில்லும் பின்சில்லும் ஒரே கோட்டில் ஓடாததைக் காண்பார். பிறகு பிரித்த பழைய ஸ்போக்குகளில் நாலு வகைக்கும் ஒவ்வொன்றை வைத்திருக்கவேண்டும்: ட்றம் பக்கம் உள், வெளி, மற்றப் பக்கம் உள், வெளி. றிம்மின் விட்டம் ஓர் அங்குலம் மாறினால் ஸ்போக்கின் நீளம் ஏறக்குறைய அரை அங்குலம் மாறும். ஆகவே பழைய ஸ்போக் எதுவும் உதவாது, எல்லாம் புதிதாக வெட்டி மரை போட்டுத்தான் வரவேண்டும்.

றிம்மில் ஓட்டை போடுவதும் கண்டபாட்டுக்குச் செய்யும் காரியமல்ல. நிப்பிள் அமரும் குழி ஒவ்வொன்றும் அந்தந்த ஸ்போக் வரும் திசைக்குச் சரிந்திருக்கவேண்டும். வேறொரு குடத்துக்காகத் துளைத்த றிம்மை எடுத்தால் ஸ்போக் நிப்பிளுக்குள் நுழையும் இடத்தில் முறிந்து வளையும். சில நூறு மைலில் அறுந்துபோகும். பிரித்தானிய வண்டிகளில் நாற்பது ஸ்போக் பெருவழக்கு, ஜப்பானிய வண்டிகளில் முப்பத்தாறு. நாற்பதும் பூட்டி, நிப்பிள்களை விரலால் திருகும் அளவுக்கு மட்டும் ஏற்றிவிட்டு, பிறகு சுற்றிச் சுற்றி அரைத் திருப்பு, கால் திருப்பு. மேலும் கீழும் குதிப்பதை முதலில் எடுத்துவிட்டுத்தான் பக்கவாட்டு நெளிவை எடுக்கவேண்டும். இதைச் சைக்கிள் கடையில் எமக்குச் சொல்லித் தந்தவருக்கு அளவுகோல் எதுவும் இருக்கவில்லை. கவரோடு பெருவிரல் நகத்தைப் பிடித்து, சில்லைச் சுற்றிவிட்டுக் காதால் கேட்பார்.

றிம் மாறினால் றிம்மோடு நிற்பதில்லை. மிகப் பழைய வண்டிகளில் முன் பிறேக், சைக்கிளைப் போல, றிம்மையே கட்டையால் பிடிக்கும். றிம் சிறுத்தால் கட்டை எட்டாது. பின்சில்லு குறைந்தால் ஸ்ராண்ட் வண்டியைத் தேவைக்கு மேல் தூக்கிவிடும். முன்சில்லு மட்டும் சிறுத்தால் முகம் குனிந்து, கைப்பிடி துடிப்பாகி, நேரே போகிற குணம் குறையும். ஓட்டத்திலும் வித்தியாசம் உண்டு. 3.25-19 ரயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 80 அங்குலம் போகும்; ஒரு மைலுக்கு 791 சுற்று. அதே பருமனில் 18 போட்டால் 77 அங்குலம், 823 சுற்று. நூற்றுக்கு நாலு பங்கு. ஏற்றத்தில் எஞ்சின் இலகுவாக இழுக்கும், வெளியில் வீணாகக் கத்தும். முள் ஐம்பது காட்டும்போது வண்டி நாற்பத்தெட்டில் போகும். பக்கப் பெட்டி பூட்டியவர்களுக்கு இது இலாபம். தனியே ஓடுகிறவருக்கு எரிச்சல். 18 இல் 4.00 ரயர் போட்டால் உயரம் மீண்டும் 26 க்கு வந்துவிடும், ஆனால் அது மட்காட்டிலும் செயினிலும் முட்டாமல் இருக்கவேண்டும். ஒன்றைத் தொட்டால் மூன்றைத் தொடவேண்டிய சங்கதி.

இனி 19 க்கு வருவோம். இறங்கிக்கொண்டே வந்த அளவு ஏன் 19 இல் இவ்வளவு காலம் நின்றது? இரண்டாம் உலக யுத்தம்தான் அதை அங்கே ஆணி அடித்து வைத்தது என்பது எமது எண்ணம். பிரித்தானிய இராணுவத்துக்குப் பல தொழிற்சாலைகள் வண்டி செய்தன. பீ.எஸ்.ஏ. எம்20, நோட்டன் 16எச், மச்லெஸ், ஏரியல், றோயல் என்பீல்ட் என்று எஞ்சினில் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை. சில்லில் மட்டும் ஒன்றுபட்டன: முன்னும் பின்னும் 3.25-19. ஒரே ரயர், ஒரே ரியூப். எம்20 மட்டும் ஒரு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. யுத்தம் முடிந்து இவை சாதாரண மக்களின் கைக்கு மலிவாக வந்தபோது 19 அங்குலமும் கூடவே வந்தது.

அந்த ரயர்களின் இறப்பர் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் போகமுடியாது. 1876 இல் ஹென்றி விக்கம் பிறேசிலிலிருந்து 70,000 விதைகளைக் கொண்டுபோய் லண்டன் கியூ தோட்டத்தில் கொடுத்தார். முளைத்தவை சில ஆயிரமே. அவற்றில் 1,900 க்கு மேற்பட்ட கன்றுகள் அதே ஆண்டு இலங்கைக்கு வந்து ஹேனரத்கொடவில் நடப்பட்டன. பிறகு மலாயா. டன்லொப் நிறுவனமே 1910 முதல் தோட்டங்களை வாங்கத் தொடங்கியது. மலாயாவில் பால் வெட்டியவர்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து போன கூலித் தமிழர். 1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது உலகத்தின் இயற்கை இறப்பரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. தோட்டங்கள் முடங்கின, அங்கிருந்த தமிழர் பல்லாயிரம் பேர் சயாம் ரயில்பாதை போடக் கொண்டுபோகப்பட்டுச் செத்தார்கள். அது தனியே எழுதவேண்டிய கதை. நேச நாடுகளுக்கு மிஞ்சிய பெரிய இறப்பர் நிலம் இலங்கை. மரம் செத்தாலும் பரவாயில்லை என்று பட்டையை முழுவதும் வெட்டிப் பாலெடுக்க உத்தரவாயிற்று. களுத்துறை, கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களில் அந்தப் பாலை வெட்டியவர்கள் சிங்களக் கிராமத்தவரும் இந்திய வம்சாவளித் தமிழருமாவர். யுத்தம் முடிந்து மூன்று ஆண்டுகளில், 1948 இன் குடியுரிமைச் சட்டம் அந்தத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. எம்20 வண்டியைப் பற்றிய புத்தகங்களில் எஞ்சினின் கனஅளவு, கியரின் பற்கள் எல்லாம் இருக்கும். இது இராது.

றெடிச் நகரம் பேர்மிங்ஹாமுக்குத் தெற்கே இருக்கிறது. ஊசி செய்வதில் பெயர்பெற்ற ஊர். றோயல் என்பீல்ட் தொழிற்சாலை அங்கே இருந்தது. 1949 இல் அவர்கள் விற்பனைக்கு விட்ட புதிய 350 புல்லட்டுக்கும் சில்லு 3.25-19. 1950களின் நடுவில் இந்திய அரசு இராணுவத்துக்காக 800 வண்டிகளுக்குக் கட்டளை கொடுத்தது. அதன் தொடர்ச்சியாக 1955 இல் றெடிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்பீல்ட் இந்தியாவை அமைத்து, சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை வைத்தன. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து அங்கே பூட்டப்பட்டன. 1957 இல் அச்சுகளும் கருவிகளும் விற்கப்பட்டன. 1962 அளவில் முழு வண்டியும் அங்கேயே செய்யப்பட்டது. அதே திருவொற்றியூரில்தான் 1946 இல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கினார். அந்தப் பலூன் கொட்டகை பின்னர் மெட்ராஸ் றப்பர் பக்ரறி ஆகி, 1960களில் ரயர் செய்தது. வண்டியும் ரயரும் ஒரே கடலோர ஊரில். பட்டினத்தார் சமாதியான ஊர் என்றே எமது பெரியவர்களுக்கு அதைத் தெரியும்.

றெடிச் தொழிற்சாலை 1967 இல் மூடப்பட்டது. பிரித்தானியாவில் றோயல் என்பீல்ட் செய்வது 1970 உடன் நின்றது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. ஜப்பானியரும் முன்னுக்கு 19, பின்னுக்கு 18 என்று செய்தார்கள்; 1969 இன் ஹொண்டா சீபீ 750 அப்படித்தான். பிரித்தானியத் தொழிற்சாலைகள் பிழைக்கவில்லை. இந்தியப் புல்லட் முன்னும் பின்னும் 19 இலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. மாற்ற வேண்டிய தேவை இருக்கவில்லை, மாற்றக் காசும் இருக்கவில்லை. இராணுவமும் பொலிசும் கேட்டதைச் செய்தார்கள். ஆனால் அந்தச் சோம்பலில் ஒரு காரியம் நடந்துவிட்டது. 19 அங்குல றிம்மையும் ரயரையும் ஆயிரக்கணக்கில் செய்கிற ஓரிடம் உலகில் மிஞ்சியது. 1977 இல் அந்தப் புல்லட்டே கப்பலேறி இங்கிலாந்துக்கு வந்தது. அதைத் தொடர்ந்து உதிரிப்பாகங்களும் வந்தன. றெடிச்சில் 1950களில் பிறந்து, துருப்பிடித்துக் கராஜில் கிடந்த வண்டிகள் சென்னையில் செய்த றிம் பூட்டி மறுபடி வீதிக்கு ஏறின. குரோம் மட்டமானது என்று இங்குள்ளவர்கள் திட்டுவார்கள். திட்டிக்கொண்டே வாங்குவார்கள்.

புல்லட்டும் பிறகு இறங்கிவிட்டது. 2023 இல் வெளிவந்த புல்லட் 350 க்கு முன்சில்லு 19, பின்சில்லு 18. இங்கிலாந்தில் பழைய வண்டிகளுக்கு ரயர் செய்துவந்த ஏவனின் மெல்க்ஷம் தொழிற்சாலை அதே 2023 இல் மூடப்பட்டது. இந்தியாவில் டன்லொப்பின் சாகஞ்ச், அம்பத்தூர்த் தொழிற்சாலைகள் அதற்கு முன்பே போய்விட்டன. 3.25-19 இன்றும் கிடைக்கிறது, வேறு இடங்களில் செய்கிறார்கள். 26 x 3 உம் ஒரு காலத்தில் எந்தக் கடையிலும் கிடைத்ததுதான்.

ஆகவே றிம்மை மாற்றலாமா என்ற வழக்கில் நாம் மாற்றச் சொல்லும் பக்கம். முதல் வடிவம் என்று இவர்கள் சொல்வது வண்டி தொழிற்சாலை வாசலைக் கடந்த அன்றைய வடிவம். அன்றைக்கு அந்த வண்டிக்கு வீதியும் தெரியாது, வெள்ளமும் தெரியாது. 1920களின் வண்டி வாங்கியவர்கள் பலர் தாங்களே சில ஆண்டுகளில் கொக்கி விளிம்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பள்ள றிம் பூட்டினார்கள். அந்த மாற்றத்துக்கே இப்போது வயது நூறு ஆகப்போகிறது. அதையும் கழற்றிவிட்டுப் புதிதாகச் செய்த பழைய றிம்மைப் பூட்டி, இதுவே உண்மை என்று சொல்கிறவர்களைக் கண்டிருக்கிறோம். அது எமக்கு விளங்கவில்லை. 1990 முதல் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் ஓடிய வண்டிகளை நினைத்துப் பார்க்கிறோம். இரண்டு துளி பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ரயர் வெடித்த இடத்தில் உட்பக்கம் ரயர்த் துண்டு வைத்துத் தைத்தார்கள். எந்த வண்டிக்கு எந்தச் சாமான் பூட்டுவது என்பதை வண்டி தீர்மானிக்கவில்லை, கையில் கிடைத்தது தீர்மானித்தது. அந்த வண்டிகளில் எதுவும் கண்காட்சியில் பரிசு பெறாது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தன.

எதிர்ப்பக்கத்தாரின் பேச்சில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளவேண்டும். மாற்றுகிறவர்கள் பழையதை எறிந்துவிடுகிறார்கள். எறிந்துவிட்டால் பிறகு அளவு பார்க்க வழியில்லை. எத்தனை ஓட்டை, எந்தச் சரிவு, விளிம்பு எவ்வளவு வளைவு என்று சொல்ல ஆளும் இராது. முதியவர் இதில் கவனமானவர். நாங்கள் கழற்றிய இரண்டு கொக்கி விளிம்பு றிம்களையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, எண்ணெய் பூசி, கராஜ் சுவரில் பெரிய ஆணி அடித்துத் தொங்கவிட்டார். எந்த வண்டியினது, என்ன அளவு, எந்தத் திகதியில் கழற்றியது, ஸ்போக்கின் நீளம் என்ன என்று மட்டையில் எழுதிக் கட்டும்படி எங்களிடம் சொன்னார். ஆங்கிலத்தில் எழுதினோம். மறுபக்கம் வெறுமையாக இருந்தது; அதிலும் அதையே தமிழில் எழுதிக் கட்டிவிட்டு, இரவு வேலைக்கு நேரமாகிவிட்டதால் புறப்பட்டுவிட்டோம்.